அலமாரியில் பூட்டி வைத்த குரல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் கையில் போனையும் டேப்லெட்டையும் கொடுப்பதைக் குறையுங்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். சரியான பேச்சுதான், என் பெரிய மகளிடம் தினமும் அதற்காகவே மல்லுக்கட்டுகிறேன். ஆனால் அதையெல்லாம் படித்துவிட்டு வருகிறவர்கள் என் இளைய மகன் கையில் இருக்கும் டேப்லெட்டைப் பார்த்து, "இவனுக்குப் போய் ஏன் இதைப் பழக்கிவிட்டீர்கள்" என்று கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு 11 வயது. ஆட்டிசம் உண்டு. வாயால் பேசுவது நான்கைந்து சொற்கள், அதுவும் எல்லா நாளும் வராது. மற்ற எல்லாவற்றையும் அந்த டேப்லெட்டில் படத்தைத் தொட்டுச் சொல்கிறான், தொட்டதை அது குரலாகப் பேசும். பேச்சு சிகிச்சை தருகிறவர்கள் இதை ஏஏசி என்பார்கள். பேச்சுக்குத் துணையாகவோ பேச்சுக்குப் பதிலாகவோ இருக்கிற தொடர்பு வழிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்; அட்டையில் ஒட்டிய படங்களும் அதில் சேர்த்தி, சைகையும் சேர்த்தி, எழுத்துப் பலகையும் சேர்த்தி. அவனுக்கு அந்த டேப்லெட்டில் விளையாட்டு கிடையாது, வீடியோ கிடையாது. பேச மட்டும்தான்.

முன்பு அவன் படித்த பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி அனுப்புவேன், சாயங்காலம் திரும்பி வரும்போது 98 இருக்கும். முதலில் நல்ல பேட்டரி என்றுதான் நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் அவன் நோட்டில் தினமும் 'கத்தினான்', 'மேசையைத் தள்ளினான்', 'கையைக் கடித்துக்கொண்டான்' என்று எழுதி வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, டேப்லெட் வகுப்பு அலமாரிக்குள் பூட்டி இருக்கிறது, எழுத்து வேலையை முடித்தால் கடைசிப் பத்து நிமிடம் பரிசாகத் தருகிறார்கள், அன்றைக்குக் கத்தினால் அதுவும் கிடையாது. அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் இவனுக்கும் செய்தார். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பேசுகிற ஒரு பிள்ளையிடம் "கணக்கை முடித்தால்தான் வாயைத் திறக்கலாம், கோபப்பட்டால் நாளைக்கும் பேச முடியாது" என்று யாராவது சொல்வார்களா? அவனுக்கு நடந்தது அதுதான். கத்தியதால் குரலை எடுத்தார்கள், குரல் இல்லாததால் கத்தினான், இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

கண்ணாடி போட்ட பிள்ளையிடம் சேட்டை செய்ததற்காகக் கண்ணாடியைப் பிடுங்குவதில்லை. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

தப்பு பள்ளியின் மேல் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அதற்கு முன் இரண்டு வருடத்தை நானே வீணாக்கியிருக்கிறேன். அவனுக்கு நான்கு வயதில் சிகிச்சையாளர் படப் பலகையைப் பற்றிச் சொன்னார். படத்தைக் காட்டப் பழகிவிட்டால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயந்து வேண்டாம் என்றேன். இன்றைக்கும் பெற்றோர் பலரிடம் இந்தப் பயம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் ஏஏசி பயன்படுத்திய அதுவரையிலான ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த ஆதாரம் இருந்தது 27 பேரைப் பற்றித்தான், சிறிய எண்ணிக்கைதான், ஆனால் அந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது, மீதிப் பேருக்கு இருந்தபடியே இருந்தது. அப்புறம் 2014இல் கோனி கசாரி என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும், மிகக் குறைவாகப் பேசுகிற 5 முதல் 8 வயது வரையுள்ள 61 ஆட்டிசக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, இரண்டுக்கும் ஒரே மாதிரி விளையாட்டோடு கூடிய பயிற்சி கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் பேசும் கருவியையும் சேர்த்தார்கள். கருவி சேர்ந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான் தாமாகச் சொல்வது அதிகமாகக் கூடியது. இதையெல்லாம் அன்றைக்கே யாராவது எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருடம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் பள்ளி வயதிலும் மிகக் குறைவாகப் பேசுகிறவர்கள் அல்லது பேசாதவர்கள் என்று இத்துறையில் உள்ளவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. என் மகன் ஒருமுறை ஒன்பது நாள் தலையின் ஒரு பக்கத்தைத் தானே அடித்துக்கொண்டான். 'பிஹேவியர்' என்றார்கள், வெறும் நடத்தைப் பிரச்சினை என்று. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், கவனிக்காமல் விடச் சொன்னார்கள். பத்தாம் நாள் டேப்லெட்டில் அவனே தேடி 'காது', 'உள்ளே', 'மழை' என்று மூன்றைத் தொட்டான். மருத்துவர் பார்த்தார், நடுக்காதில் நீர் கோத்து உள்ளே இரைச்சலாக இருந்திருக்கிறது. இரைச்சல் என்ற சொல் அவன் பலகையில், அதாவது டேப்லெட்டில் படங்கள் அடுக்கியிருக்கும் பக்கத்தில், இல்லை, இருந்ததை வைத்துச் சொல்லிவிட்டான். மழை என்ற சொல்லை அதில் போட்டு வைத்திருந்தோமே என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, ஏனென்றால் முதலில் நாங்கள் வைத்திருந்த பலகையில் தின்பதும் குடிப்பதும் கழிப்பறையும் மட்டும்தான் இருந்தன.

நான் பார்த்த வரையில் பெரும்பாலான வீடுகளிலும் வகுப்புகளிலும் கோளாறு இங்கேதான். கருவி வந்துவிடுகிறது, அதில் 'வேண்டும்' என்று கேட்பதற்கான படங்கள் இருபது முப்பது இருக்கும், அதோடு சரி. படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் முறை 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உருவானது. அதுவும் கேட்பதில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை, பார்த்ததைச் சொல்வது வரைக்கும் படிப்படியாகப் போகிறது. நாம்தான் முதல் படியிலேயே பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். நாம் ஒரு நாளில் பேசுவதில் கேட்பது எவ்வளவு? மறுக்கிறோம், புலம்புகிறோம், கூப்பிட்டுக் காட்டுகிறோம், சும்மா பேசுகிறோம். 'இல்லை', 'போதும்', 'பிடிக்கவில்லை', 'அங்கே பார்', 'இன்னொரு தடவை', 'பயமாக இருக்கிறது', 'என்னை விடு' ஆகிய இவை முதல் நாளிலிருந்து பலகையில் இருக்க வேண்டும். எழுத்துகளும் இருக்க வேண்டும், பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று நாம் நினைத்தாலும்கூட. என் மகன் எழுத்துக்கூட்டிப் படிப்பான் என்பது எழுத்துப் பலகையைத் திறந்து வைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அதைவிட முக்கியமானது, சுற்றி இருக்கிறவர்கள் அதில் பேச வேண்டும். பிள்ளை தொட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு முன்னால் நாம் தொட வேண்டும். ஒரு வயதுக் குழந்தையிடம் அது திரும்பிப் பேசும் என்றா நாம் பேச ஆரம்பிக்கிறோம்? மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுத்தானே அதற்குப் பேச்சு வருகிறது. பலகை மொழியும் அப்படித்தான். 'வெளியே போகலாம்' என்று வாயால் சொல்லும்போதே 'வெளியே', 'போ' என்ற படங்களை நாமும் தொட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் நானும் அவன் அப்பாவும் அக்காவும் ஆறு மாதம் அப்படித் தொட்டோம். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான், விரலைக்கூட நீட்டமாட்டான். சுவரோடு பேசுகிற மாதிரிதான் இருக்கும், பல நாள் எனக்கு அழுகையே வந்திருக்கிறது. ஏழாம் மாதம் ஒரு பயிற்சி வகுப்பில், ஒரே வண்ணக் கட்டைகளை நாற்பதாவது தடவையோ என்னவோ பிரிக்கச் சொன்னபோது, 'போதும்' என்று தொட்டான். பலகையில் அவன் தானாகச் சொன்ன முதல் சொல் அது. பயிற்சி தந்தவர் உடனே கட்டைகளை எடுத்து வைத்தார், அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அவர் மட்டும் "இன்னும் ஐந்தே ஐந்து" என்று சொல்லியிருந்தால், சொன்னாலும் ஒன்றும் நடக்காது என்று அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பான்.

டேப்லெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, "பயன்படுத்தமாட்டேன் என்கிறான், இது இவனுக்குச் சரிப்படாது" என்று ஒரே மாதத்தில் எடுத்து வைத்துவிடுகிற பெற்றோரையும் ஆசிரியர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு மாதத்தில் நீங்கள் எத்தனை தடவை தொட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்டால் பதில் இருக்காது.

நடைமுறையில் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். படங்களை இடம் மாற்றாதீர்கள். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறவர்களுக்கு விரலே இடத்தைத் தெரிந்து வைத்திருக்கும் இல்லையா, இவர்களுக்கும் அப்படித்தான். ஒருமுறை நல்ல எண்ணத்தில் ஒருவர் பக்கங்களை அழகாக அடுக்கிக் கொடுத்தார், என் மகன் மூன்று வாரம் ஏறக்குறைய பேசவே இல்லை. பேசும் கருவியை விளையாட்டுக்கும் வீடியோவுக்கும் கொடுக்காதீர்கள், வேறு கருவி இருந்தால் அதில் பார்க்கட்டும். ஒரே கருவிதான் என்றால் ஒரு செயலியை விட்டு வெளியே போக முடியாதபடி பூட்டுகிற வசதி அதிலேயே இருக்கிறது. ஐபேடில் 2012 முதல் 'கைடட் அக்சஸ்' என்ற பெயரில், ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் 'ஸ்கிரீன் பின்னிங்' என்ற பெயரில், புதிய பதிப்புகளில் 'ஆப் பின்னிங்' என்று இருக்கும். பலகையை வாரம் ஒருமுறை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், கருவி உடைந்தால் நான்கு வருடம் சேர்த்த சொற்களும் அதோடு போய்விடும். அதே பலகையைத் தாளில் அச்சடித்து லேமினேட் செய்து எப்போதும் கூட வைத்திருங்கள். குளிக்கும்போதும் சார்ஜ் தீரும்போதும் பேச வேண்டியிருக்கும்.

தமிழ் பேசும் வீடுகளுக்கு ஒரு சிக்கல் தனியாக உண்டு. இந்தச் செயலிகளில் பலவும் ஆங்கிலத்தின் அமைப்பை வைத்துச் செய்தவை. அங்கே 'நான்' ஒரு படம், 'வேண்டும்' ஒரு படம், வரிசையாகத் தொட்டால் வாக்கியம் ஆகிவிடும். தமிழில் அப்படித் தொட்டால் 'நான் தண்ணீர் வேண்டும்' என்று வரும், நமக்கு 'எனக்கு' வேண்டும். வா, வந்தேன், வருவேன், வரமாட்டேன் என்று ஒவ்வொரு வினைக்கும் எத்தனை முகம்! போதாததற்கு, இயந்திரக் குரல் எழுத்துத் தமிழில் 'வேண்டும்' என்று சொல்லும், பிள்ளையோ காலையிலிருந்து இரவு வரை கேட்பது 'வேணும்'தான். இதற்காகவே ஆங்கிலத்தில் வைத்துவிடுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று எங்களுக்குப் பலர் சொன்னார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டிக்குத் தெரியாத மொழியில் பலகை இருந்தால் பாட்டி எப்படி அதில் பேசுவார்? நாங்கள் முக்கியமான சொற்களை அவன் வயதுப் பையன் ஒருவனைப் பேசவைத்துப் பதிவு செய்தோம், வீட்டில் பேசுகிற மாதிரியே. முதல் தடவை அந்தக் குரலைக் கேட்டதும் 'வேணாம்' என்பதை இருபது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தான். தமிழில் செயலி செய்கிறவர்கள் இதைப் படித்தால், வேற்றுமை உருபையும் பேச்சுவழக்கையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படிப்புக்கு உதவும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்தது என்ன என்று படத்தில் காட்டும் நாள் அட்டவணை, 1970களின் தொடக்கத்திலேயே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் என்ற உளவியலாளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தொடங்கிய டீச் திட்டம் பரப்பிய வழி. அது தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் பலன் ஒன்றுதான். மீதி நேரம் கண் முன்னால் சுருங்குவதைக் காட்டும் டைமர் எங்கள் வீட்டில் பாதிச் சண்டையை நிறுத்தியது. பல் தேய்ப்பது போன்ற ஒன்றைக் குட்டி வீடியோவாக எடுத்துக் காட்டிப் பழக்குவதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பேனா பிடிக்க விரல் ஒத்துழைக்காத பிள்ளைக்குத் தட்டச்சு, எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி, சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன், இவையெல்லாம் பெரும்பாலான கருவிகளோடு வந்துவிடுகின்றன அல்லது சுலபமாகக் கிடைக்கின்றன. எழுதி முடிக்க முடியாத பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை தட்டச்சு செய்யவிட்டுப் பாருங்கள்.

ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ரோபோவைப் பற்றியும் மெய்நிகர் உலகக் கண்ணாடியைப் பற்றியும் செய்திகள் பெரிதாக வருகின்றன. செய்யட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் முகப் படத்தைப் பார்த்து 'இது கோபம், இது சந்தோஷம்' என்று திரையில் சரியாகச் சொல்லப் பழகுகிற பிள்ளை, வகுப்பில் நிஜ முகத்திலும் அதைச் சொல்லிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிர, ஆட்டிசம் உள்ளவர்தான் மற்றவர்களைப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும் என்பது ஒரு பக்க நியாயம். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் எழுதினார், அவரே ஆட்டிசம் உள்ளவர். என் மகன் கையை உதறுவது சந்தோஷம் என்று நாங்கள் கற்றுக்கொள்ளவும் ஒரு செயலி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு உறுத்தும். பேசாத பிள்ளையின் கையையோ முழங்கையையோ பெரியவர் ஒருவர் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து, பிள்ளையே எழுதிவிட்டது என்று காட்டுகிற முறை ஒன்று உண்டு. 1990களில் அதைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படமும் கையைப் பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டினால், எழுதப்பட்டது கையைப் பிடித்தவர் பார்த்த படத்தின் பெயராக இருந்தது. அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, தாங்கள் நகர்த்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2018இல்கூட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மறுபடி அறிவித்தது. பிள்ளையின் வார்த்தைக்காக ஏங்கிக் கிடக்கிற பெற்றோருக்கு இந்த மாதிரி இடத்தில் நிதானமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், தொடுவது பிள்ளையின் விரலாகவும் பிள்ளையின் முடிவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது. அதில் கல்வியைப் பற்றிய 24ஆவது பிரிவு, இந்த மாதிரி மாற்றுத் தொடர்பு வழிகளைக் கற்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே வகுப்பில் டேப்லெட்டை மேசையின் மேல் வைத்திருங்கள் என்று நாங்கள் கேட்பது சலுகை இல்லை. இப்போது அவன் போகிற பள்ளியில் அது அவன் கழுத்தில் பட்டையோடு தொங்குகிறது, விளையாட்டு மைதானத்திலும்கூட. சாயங்காலம் வரும்போது சார்ஜ் 30க்குக் கீழே இருக்கும், அதைப் பார்ப்பதற்காகவே நான் வாசலில் நிற்பேன்.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். திரை நேரத்தைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பேசுவதற்காகக் கருவி வைத்திருக்கும் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் நிருபர் யாராவது இவனைப் போன்ற ஒரு பிள்ளையைப் பற்றி எழுத வந்தால், அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாமல் பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். என் மகன் தேடி எடுத்துத் தொடுவதற்குச் சில சமயம் முக்கால் நிமிடம்கூட ஆகும், அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(மகனுக்காகப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்)